காவடித் தெருவும் பண்டிதர் தோட்டமும்

சங்கரன்கோவிலில் பஸ் ஏறிக் கிழக்கே கழுகுமலைக்குப் போகிற வழியில், பங்குனி உத்திரத்தை ஒட்டிய நாட்களில், ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் பாட்டைக் கேட்டுவிடலாம். காவடி பின்னால்தான் வரும். குதித்து நிமிர்ந்து மறுபடியும் குதிக்கிற அந்தச் சிந்து மெட்டைக் கட்டியவர் யார் என்று நிறுத்திக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'காவடிச்சிந்துல்லா, அது அந்தக் காலத்துலருந்து பாடுறது' என்பார்கள். கட்டியவர் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். சங்கரன்கோவில் வட்டாரத்துக்காரர். 1891இல், முப்பது வயதைத் தொடாமலே செத்துப்போனார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போனபோது வழிநடைக்காகக் கட்டிய பாட்டுகள் என்பது இந்தப் பக்கத்தில் சொல்லிவருகிற கதை. பெயர் மறந்துபோகிற அளவுக்குப் பாட்டு ஊருக்குச் சொந்தமாகிவிட்டது. பாட்டுக் கட்டுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நினைப்பைக் கலைத்தவர் அதே சீமையில் பிறந்த இன்னொருவர். சங்கரன்கோவிலுக்குத் தென்மேற்கே, சுரண்டையைத் தாண்டினால் சாம்பவர் வடகரை. இன்றைய தென்காசி மாவட்டம். ஆபிரகாம் பண்டிதர் அங்கே 1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி பிறந்தார். ரெட்டியாரைவிடச் சில வருஷம் மூத்தவர். அவரும் பாட்டுக் கட்டியவர். தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் உருப்படிகளைச் சுரதாளக் குறிப்போடு 1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்று அச்சுப் போட்டார். 1912இல் தஞ்சாவூரில் 'சங்கீத வித்யா மகாஜன சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கி, சொந்தச் செலவில் சங்கீத மாநாடுகளைக் கூட்டினார். 1917இல் 1,300 பக்கத்துக்கு மேல் வருகிற 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை ஆராய்ச்சி நூலைத் தன் அச்சகத்திலேயே அடித்து வெளியிட்டார். பெயர் மறக்கவில்லை. தமிழிசை பற்றி எந்த மேடையில் யார் பேசினாலும் முதல் பத்து நிமிஷத்துக்குள் அவர் பெயர் வந்துவிடுகிறது. ஆனால் அவருடைய பாட்டு ஒன்றைப் பாடிக்காட்டுங்கள் என்றால் யாருக்கும் வாய் வராது.

ஒருவருக்குப் பாட்டு நிலைத்துப் பெயர் போனது, மற்றவருக்குப் பெயர் நிலைத்துப் பாட்டு போனது. பாட்டின் தரத்தை வைத்து இதை விளக்கிவிட முடியாது. ரெட்டியாரின் சந்தம் அபாரமானது, பண்டிதருடையவை மாணவர்களுக்கான கீதத்திலிருந்து ஏறிப் போகிற சாதக உருப்படிகள், பலவற்றில் வாத்தியார் குரல் தூக்கலாக இருக்கிறது, எல்லாம் சரி. ஆனால் வாத்தியார் குரல் தூக்கலான எத்தனையோ உருப்படிகளை இந்தச் சங்கீதம் நூறு வருஷமாக விடாமல் பாடிக்கொண்டுதானே இருக்கிறது. கேள்வி வேறு இடத்தில் இருக்கிறது. பாட்டுக்கு ஒரு வழி வேண்டும். அது நடந்துபோக ஒரு தெரு, அல்லது உட்கார ஒரு மேடை. அந்தத் தெருவும் மேடையும் யாருடையவை?

தெருவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பண்டிதர் பிறப்பதற்குச் சரியாக ஏழு நாள் முன்னால், 1859 ஜூலை 26ஆம் தேதி, நாடார் பெண்கள் மேலாடை அணிந்துகொள்ளலாம் என்று திருவிதாங்கூர் அரசு பிரகடனம் போட்டது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு. சாம்பவர் வடகரைக்கும் திருவிதாங்கூருக்கும் தூரம் அதிகமில்லை. பண்டிதர் நாடார் சாதியில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவர் குழந்தையாக இருந்த காலத்தில் இந்தப் பக்கத்தில் உடம்பு, துணி, தெரு, கோயில் வாசல் என்று ஒவ்வொன்றும் வழக்காகவும் கலகமாகவும் இருந்தது.

ரெட்டியார் பாட்டு நடந்துபோன கழுகுமலையையே எடுத்துக்கொள்வோம். எட்டையபுரம் ஜமீனுக்குச் சேர்ந்த ஊர். அங்கே தேரோடும் வீதிகளில் நாடார்கள் ஊர்வலம் போகக் கூடாது. கோர்ட்டுக்குப் போனார்கள், நியாயம் கிடைக்கவில்லை. ஒரு பகுதியினர் கத்தோலிக்க மதத்துக்கு மாறினார்கள், தேர் வீதியிலேயே இடம் பிடித்து ஜெபக்கூடம் வைத்தார்கள். 1895 பங்குனித் திருவிழாவில் அந்தக் கூடத்துக்கு முன்னாலிருந்த பந்தல் தேருக்கு இடைஞ்சல் என்று தொடங்கியது வெட்டிலும் தீயிலும் பல உயிர் போய் முடிந்தது. ரெட்டியார் இறந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை. அவருடைய சிந்து அதே வீதியில்தான் குதித்துக்கொண்டு போனது. இதனால் ரெட்டியார் பாட்டுக்குக் களங்கம் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பாட்டு 'மக்கள் பாட்டு' என்று நாம் லேசாகச் சொல்லிவிடும்போது, அந்த மக்களில் யார் யார் அந்தத் தெருவில் நடக்க முடிந்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருக்கிறது. கமுதிக் கோயில் நுழைவு வழக்கில் இதே சாதிக்கு எதிராக லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது 1908இல். பண்டிதர் தன் திரட்டை அச்சுப் போட்டதற்கு அடுத்த வருஷம்.

பண்டிதர் இந்தக் கலவரம் எதிலும் நேரடியாக இல்லை. அதற்கு வெகுமுன்பே வெளியேறிவிட்டார். திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி, அங்கேயே வேலை, அங்கேயே சடையாண்டிப் பத்தரிடம் பிடில் பயிற்சி. சுருளிமலைப் பக்கம் கருணானந்தர் என்ற சாமியாரிடம் சித்த மருத்துவம் கற்றார். பிற்பாடு அவர் செய்த மருந்து, போட்ட தோட்டம், எழுதிய புத்தகம் எல்லாவற்றுக்கும் 'கருணா' என்ற முன்னொட்டு அந்தச் சாமியாரிடமிருந்து வந்தது. 1882இல் கல்யாணம். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியை. அடுத்த வருஷம் இரண்டு பேரும் தஞ்சாவூருக்குப் பள்ளிக்கூட வேலைக்குப் போனார்கள். கொஞ்ச காலத்தில் வாத்தியார் வேலையை விட்டுவிட்டு முழுநேர வைத்தியரானார். சஞ்சீவி மருந்துகள் விற்றுப் பணம் குவிந்தது. ஊருக்கு வெளியே நிலம் வாங்கி மூலிகையும் கரும்பும் போட்டார். ஜனங்கள் அதைப் பண்டிதர் தோட்டம் என்றார்கள். கவர்னர் லாலி வந்து பார்த்துவிட்டுப் போனார். 1909இல் ராவ் சாகிப் பட்டம். மின்சாரத்தில் ஓடுகிற அச்சு இயந்திரம் வைத்தபோது அதற்கு லாலி பெயரையே சூட்டினார். இந்த விசுவாசத்தை மறைக்க வேண்டியதில்லை. மிஷன் பள்ளிக்கூடமும் வெள்ளைக்கார சர்க்காரும் திறந்துவிட்ட வழியில் ஏறி வந்த தலைமுறை அது. அவர்களுடைய ராஜவிசுவாசத்தை மட்டும் தனியாக எடுத்து வைத்துத் தீர்ப்பெழுதுவது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம்.

எட்டையபுரத்தில் சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' 1904இல் அச்சானது. அதற்குத் தூண்டுதலாக இருந்தவர் சின்னசாமி முதலியார். சென்னைச் செயலகத்தில் வேலை பார்த்தவர், கத்தோலிக்கர். கர்நாடக உருப்படிகளை ஐரோப்பியக் குறிமுறையில் எழுதி 1890களில் வெளியிட்டுக் கைப்பணத்தைக் கரைத்தவர். மூன்று வருஷம் கழித்துப் பண்டிதரின் திரட்டு. வாயிலும் காதிலும் இருந்த சங்கீதம் காகிதத்துக்கு இடம் பெயர்கிற அந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில், குருகுலத்துக்குள் பிறக்காதவர்களுக்கும் ஒரு இடுக்கு கிடைத்தது. காகிதத்தில் எழுதிவிட்டால் அதைக் கற்றுக்கொள்ள யாருடைய திண்ணையிலும் காத்துக் கிடக்க வேண்டாம். 1907 திரட்டை அந்த அர்த்தத்தில்தான் வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கீதம், வர்ணம், கீர்த்தனை என்று சங்கீதப் பாடத்தின் முழுப் படிக்கட்டும் தமிழில், கிறிஸ்தவ பக்திப் பொருளில். ஒருவன் சரளி வரிசையிலிருந்து கீர்த்தனை வரைக்கும் இன்னொரு மொழிக்குள்ளும் இன்னொருத்தர் வீட்டுக்குள்ளும் போகாமலே ஏறிவிடலாம். வேதநாயக சாஸ்திரியாரிடமிருந்து தஞ்சாவூருக்கென்று ஒரு கிறிஸ்தவப் பாட்டு மரபு இருந்தது. ஆனால் அது தேவாலயத்துக்கும் உபதேசத்துக்கும் ஆனது. பண்டிதர் அதைச் சங்கீதப் பயிற்சியாகவே ஆக்கினார்.

படிக்கட்டுக் கட்டியாயிற்று. மேலே மாடி இருக்கிறதா? மாடியையும் அவரே கட்டப் போனார். அதுதான் 1912.

நம் சங்கீதச் சரித்திரங்கள் பாட்டுக் கட்டியவர்களையும் பாடியவர்களையும் பற்றி எழுதுகின்றன. நிகழ்ச்சியைக் கூட்டியவர்களைப் பற்றி எழுதுவதில்லை. சபா காரியதரிசி என்றால் வெற்றிலைத் தட்டோடு நிற்கிற ஆள் என்று ஒரு கேலிச்சித்திரம். ஆனால் யாரை அழைப்பது, எதை முதலில் வைப்பது, எவ்வளவு நேரம், எந்தக் கேள்வியை விவாதத்துக்கு எடுப்பது, எதை எடுக்காமலே விடுவது என்பதை முடிவு செய்கிறவர்தான் எது சங்கீதம் என்று முடிவு செய்கிறார். இதற்கு ஃபூக்கோவை இழுக்க வேண்டியதில்லை. திருவிழாவில் வில்லுப்பாட்டு எத்தனை மணிக்கு, நாதசுரம் எத்தனை மணிக்கு, எதற்கு எந்த இடம் என்று நடக்கிற சண்டையைப் பார்த்த எங்கள் ஊர்க்காரன் எவனுக்கும் தெரியும்.

1912 மே 27ஆம் தேதி முதல் மாநாடு. அதிலிருந்து 1914க்குள் ஆறு. வித்வான்கள், சாஸ்திரம் தெரிந்தவர்கள், இசையில் நாட்டமுள்ள கனவான்கள் என்று பல திசையிலிருந்தும் ஆட்களை வரவழைத்தார். செலவு பூராவும் மருந்துக் காசு. சமஸ்தானம் கிடையாது, சபா கிடையாது, டிக்கெட் கிடையாது. சங்கீதத்தை ஆதரித்து வந்த ஜமீன்களும் சமஸ்தானங்களும் வற்றிக்கொண்டிருந்தன. பட்டணத்துச் சபாக்கள் அப்போதுதான் நிலைகொண்டுவந்தன. நடுவிலிருந்த வெற்றிடத்தில் ஒரு நாட்டு வைத்தியர், கோயில் நுழைவு மறுக்கப்பட்ட சாதிக்காரர், வேறு மதத்துக்காரர், வித்வான்களை அழைத்து உட்கார வைத்து 'இதுதான் இன்றைய கேள்வி' என்கிறார். வந்தார்கள். உட்கார்ந்தார்கள். விவாதித்தார்கள். இந்தக் காட்சியின் புதுமையை நாம் இன்னும் சரியாக உள்வாங்கவில்லை.

ஆனால் அவர் வைத்த கேள்வி என்ன? சுருதி. ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதி, 22ஆ 24ஆ?

இதைக் கொஞ்சம் விளக்கிவிட வேண்டும். ஷட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போகிற விகிதம் 3க்கு 2. அந்தப் பஞ்சமத்தை ஷட்ஜமாக வைத்து அதன் பஞ்சமம், அதற்கு அடுத்த பஞ்சமம் என்று பன்னிரண்டு தரம் ஏறினால், ஏழு ஸ்தாயிக்கு மேலே மறுபடியும் ஷட்ஜத்தில் வந்து நிற்க வேண்டும். நிற்பதில்லை. 128 வர வேண்டிய இடத்தில் 129.7 வருகிறது. வட்டம் மூடாது, ஒரு துளி மிச்சம் விழும். அந்த மிச்சத்தை எங்கே வைப்பது என்பது கிரேக்கர்களிலிருந்து எல்லோருக்கும் தலைவலி. பரதரையும் சார்ங்கதேவரையும் பின்பற்றிய வடமொழி மரபு ஸ்தாயியை 22 சுருதியாக, சமமில்லாத சுர இடைவெளிகளாக வைத்தது. பண்டிதர் இதை ஏற்கவில்லை. உ.வே.சா. 1892இல் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சில் கொண்டுவந்திருந்தார். அதில் ஆய்ச்சியர் குரவையில் ஏழு இடைப்பெண்களை ஏழு சுரமாக வட்டத்தில் நிறுத்துகிறார்கள், உரையில் பன்னிரண்டு ராசி வீடுகளில் சுரங்களை வைக்கிற கணக்கு வருகிறது. ஆயப்பாலை, வட்டப்பாலை. பண்டிதர் அந்தச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். வட்டம் மூடியே தீரும், பன்னிரண்டு வீடும் சமம், அதைப் பாதியாக்கினால் 24 சுருதி, பழந்தமிழர் கணக்கு இதுதான், பிற்பாடு வந்தவர்கள் பிழையாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அவருடைய வாதம். அதிர்வெண், தந்தி நீளம் என்று அட்டவணை அட்டவணையாகப் போட்டிருக்கிறார். பக்கம் பக்கமாகச் சார்ங்கதேவரோடு சண்டை. அந்தக் கோபத்தின் சூடு இன்றைக்கும் ஆறவில்லை.

இந்தக் கணக்கில் என்னால் பண்டிதர் பக்கம் நிற்க முடியவில்லை. பன்னிரண்டு சம பங்கு என்பது ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பியானோவோடு பரவி நிலைத்த முறை. கையில் அந்தக் கணக்கோடுதான் அவர் சிலம்பைத் திறக்கிறார், உள்ளே அதையே பார்க்கிறார். விபுலாநந்தர் 1947இல் 'யாழ் நூல்' எழுதியபோது அதே சிலம்பையும் அதே உரையையும் வைத்துக்கொண்டு 22க்குத்தான் போனார். தோடியின் காந்தாரம் ஆடுகிற ஆட்டம் 22லும் அடங்காது, 24லும் அடங்காது என்பது பாடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். எல்லா வீடும் சமம் என்று ஒருத்தர் சுருதியில் அடித்துச் சொல்வதை, ஊரில் எந்தத் தெருவும் சமமாக இல்லாத ஒரு சாதியில் பிறந்தவரின் குரலாக வாசிக்க எனக்கும் ஆசைதான். அது அவர் பிரதியில் இருப்பதா, நம் ஆசை அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டதா என்று சந்தேகமாக இருப்பதால் விட்டுவிடுகிறேன்.

எனக்கு முக்கியமாகப் படுவது, கணக்கு சரியா தவறா என்பது அல்ல. ஒரு மேடையைக் கட்டி, ஆட்களைக் கூட்டி, அந்த மேடையின் மையத்தில் அவர் பாட்டை வைக்காமல் நிரூபணத்தை வைத்தார் என்பது. ஏன்? ரசனை என்று வந்துவிட்டால் நூறு தலைமுறைப் பாத்தியதை பேசும். 'இது சம்பிரதாயம்', 'அது சம்பிரதாயம் இல்லை' என்று ஒரே வார்த்தையில் வாசல் மூடிவிடும். கணக்குக்குச் சம்பிரதாயம் கிடையாது. 3க்கு 2 என்பதை எவன் வீட்டுத் தந்தியில் அளந்தாலும் 3க்கு 2தான். எண்ணில் வாதாடினால் தன்னைச் சமமாக நடத்தியே தீர வேண்டும் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவப் பள்ளிக்கூடம் கொடுத்த நம்பிக்கை அது. ஓரளவுக்குப் பலிக்கவும் செய்தது. வித்வான்கள் அவரைப் பதில் சொல்ல வேண்டிய ஆளாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலை, சாகித்ய கர்த்தா பின்னுக்குப் போய் ஆராய்ச்சிக்காரர் முன்னால் வந்தது. ஆராய்ச்சிக்காரரோடு வாதாடலாம், மறுக்கலாம், பாராட்டலாம். அவர் பாட்டைப் பாட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

1916 மார்ச்சில் பரோடாவில் அகில இந்திய சங்கீத மாநாடு. பாத்கண்டே முன்னின்று நடத்தியது, கெய்க்வாட் மன்னர் ஆதரவு. தேவலும் கிளெமென்ட்ஸும் 22 சுருதிக் கட்சி, அதற்கென்றே செய்த ஆர்மோனியத்தோடு. தஞ்சாவூரிலிருந்து பண்டிதர் தன் மகள்களோடு போனார். மகள் மரகதவல்லி வீணையில் 24 சுருதிக் கணக்கை ராகங்களில் வாசித்துக் காட்டினார். தேவதாசி மரபுக்கு வெளியே, குடும்பப் பெண்கள் சபையில் உட்கார்ந்து வாசிப்பது அபூர்வமாக இருந்த காலம். அந்தப் பெண்ணின் அப்பா பிறந்த வாரத்தில்தான் அந்தச் சாதிப் பெண்கள் தோளை மூடிக்கொள்ளலாம் என்று ராஜா அனுமதி கொடுத்தார். நடுவில் 57 வருஷம். பரோடா என்றதும் எல்லோரும் 22ஆ 24ஆ என்பதைத்தான் எழுதுகிறார்கள். எனக்கு அந்த மேடையில் வீணையோடு உட்கார்ந்திருக்கிற உருவம்தான் கண்ணில் நிற்கிறது. பண்டிதரின் எந்த அட்டவணையைக் காட்டிலும் அழுத்தமான வாதம் அது. அதை அவரே அப்படிப் பார்த்தாரா என்றால், சுருதிக்குச் சாட்சியாகத்தான் பார்த்தார்.

அதே சமயத்தில் வியன்னாவில் இன்னொரு சாகித்ய கர்த்தா மேடை கட்டிக்கொண்டிருந்தார். ஷோன்பெர்க். ஊர்க் கச்சேரி மன்றங்களும் பத்திரிகை விமர்சகர்களும் புது இசையைக் கேவலப்படுத்தியதில் வெறுத்துப்போய், 1918 நவம்பரில் தனியார் இசை நிகழ்ச்சிகளுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். அங்கே கைதட்டக் கூடாது. விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. இன்றைக்கு என்ன வாசிக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள், பிடிக்காத உருப்படி என்று ஆள் வராமல் இருந்துவிடக் கூடாதே. ஒரே உருப்படியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். முதல் இரண்டு வருஷம் தன்னுடைய இசையை வாசிக்க அவர் சம்மதிக்கவே இல்லை. பணத்துக்கு வழியில்லாமல் 1921இல் சங்கம் நின்றது. இரண்டு பேரும் பன்னிரண்டு சுரத்தைச் சமமாக்கியவர்கள் என்று முடிச்சுப் போடுவது வேடிக்கையாக இருக்கும், உபயோகமாக இருக்காது. நான் பார்ப்பது வேறு. ஷோன்பெர்க்கும் தன் பாட்டை ஒதுக்கி வைத்தார், ஆனால் மேடையில் இருந்தது உருப்படிகள். புதுசு என்றால் பழகினால்தான் காது ஏற்கும், அதற்குத் திரும்பக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பண்டிதரின் மேடையில் இருந்தது தீர்மானம். தீர்மானம் ஒரு தடவை நிறைவேறினால் போதும். பாட்டு நூறு தடவை பாடப்பட வேண்டும்.

1919 ஆகஸ்ட் 31ஆம் தேதி பண்டிதர் இறந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1927 டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டோடு ஒட்டி அகில இந்திய சங்கீத மாநாடு, அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி. காலையில் வித்வான்கள் கூடி லட்சணம் விவாதிப்பது, மாலையில் கச்சேரி. விவாதம், தீர்மானம், செய்முறை விளக்கம் என்று பண்டிதர் தஞ்சாவூரில் செய்துபார்த்த அதே வடிவம்தான். ஆனால் விவாதத்தோடு கச்சேரியும் அதே கூரைக்குக் கீழே இருந்தது. அதனால் சாஸ்திரத்தை முடிவு செய்கிற கைக்குள் மேடையும் இருந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வார்த்தெடுத்த கச்சேரிப் பத்ததி, வர்ணத்தில் தொடங்கித் துக்கடாவில் முடிவது, அந்த மேடையின் இலக்கணமாக உறைந்தது. தமிழ்ப் பாட்டு துக்கடாவில். அண்ணாமலை ரெட்டியாரின் சிந்துகூட அந்த மேடைக்குள் நுழைந்தது பின்வாசல் வழியாக, மங்களத்துக்கு முன்னால், ஜனங்கள் செருப்பைத் தேட ஆரம்பிக்கிற நேரத்தில். தெருவில் தலைநிமிர்ந்து போன பாட்டுக்கு மேடையில் கிடைத்த இடம் அது. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி, 1943இல் தமிழ் இசைச் சங்கமாக ஆன இயக்கம் இந்த வரிசையைத்தான் எதிர்த்தது. பண்டிதர் முன்னோடி என்று அந்த மேடைகளில் முழங்கினார்கள். 1949 முதல் பண் ஆராய்ச்சி மாநாடு நடந்தபோது அவருடைய நூல் மேற்கோளானது. ஆனால் பாடுவதற்கு எடுத்துக்கொண்டது தேவாரம், முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி. மொழி மாறியது, சாமி மாறவில்லை. தமிழிசை என்ற சொல்லாடலுக்குள் தமிழ் என்றால் சைவமும் வைணவமும் என்று ஒரு மௌனமான சமன்பாடு இருந்திருக்கிறது. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகள் உள்ளே வர முடிந்ததென்றால், அவர் 'சர்வ சமய சமரசம்' என்று பேர் வைத்து யார் பெயரையும் சொல்லாமல் கடவுளைப் பாடினார் என்பதும் ஒரு காரணம்.

சில வருஷத்துக்கு முன்னால் திரட்டிலிருந்து இரண்டு பாட்டைப் பிரதி எடுத்துக்கொண்டு, எங்கள் பக்கத்தில் திருவிழாக் கச்சேரிகள் பாடுகிற ஒருவரிடம் போனேன். நல்ல மனுஷன். ஒரு தடவை மெதுவாகப் பாடிப் பார்த்தார், இரண்டாம் தடவை சங்கதி போட்டே பாடினார். 'பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைக் கொண்டுபோய் எங்க போடுறது, சொல்லுங்க?' என்றார். எங்கே போடுவது. கோயில் கச்சேரியில் போட முடியாது. சபாவில் யாரும் கேட்கவில்லை. தேவாலயத்தில் பாடலாம், ஆனால் அங்கே கிட்டாரும் கீபோர்டும் வந்தாயிற்று, இவ்வளவு கனமான உருப்படி வேண்டாம் என்கிறார்கள். அவர் மறுக்கவில்லை, நிலவரத்தைச் சொன்னார். நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

2018 ஆகஸ்டில் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கர்நாடக சங்கீதத்தில் ஏசுவைப் பாடுவது மதமாற்றச் சதி, திருட்டு என்று சமூக வலைத்தளங்களில் மிரட்டல் கிளம்பியது. பாடியிருந்தவர்கள் விளக்கம் சொன்னார்கள். ஒப்புக்கொண்டிருந்த கச்சேரியிலிருந்து ஒருவர் விலகிக்கொண்டார். டி.எம். கிருஷ்ணா மட்டும், மாதம் ஒரு பாட்டு ஏசு மேலோ அல்லா மேலோ பாடி வெளியிடுவேன் என்று அறிவித்தார். இரண்டு தரப்பிலும் 'கர்நாடக சங்கீதத்துக்குள் கிறிஸ்தவம் வரலாமா' என்றே பேச்சு போனது. எங்கிருந்தோ புதிதாக வருவதைப் போல. 111 வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில், கீதத்திலிருந்து கீர்த்தனை வரைக்கும் முழுப் பாடத்தையே ஒருவர் அச்சடித்து வைத்திருக்கிறார். அதை யாராவது எடுத்துக் காட்டியிருந்தால் கேள்வியே வேறு மாதிரி ஆகியிருக்கும். 'உள்ளே விடலாமா' என்று கேட்பதற்கு முதலில் அது வெளியே இருந்திருக்க வேண்டும் அல்லவா.

கருணாமிர்த சாகரத்தின் இரண்டாம் பாகத்தை 1946இல் கொண்டுவந்தது மரகதவல்லி. பரோடாவில் வீணை வாசித்த அதே மகள். அப்பா இறந்து 27 வருஷம் காகிதங்களைக் காப்பாற்றி வைத்திருந்திருக்கிறார். மகன் வரகுணபாண்டியன் 1950இல் 'பாணர் கைவழி' எழுதினார், அதுவும் யாழ் ஆராய்ச்சி. குடும்பமும் ஆராய்ச்சி வழியில்தான் போயிற்று. திரட்டு அப்படியே இருக்கிறது. சுரமும் தாளமும் அந்தக் கால அச்சில் கொஞ்சம் நெருக்கமாக இருக்கும். பழகிவிட்டால் பாட முடிகிறது. பையில் மடித்து வைத்த அந்த இரண்டு பாட்டையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று கீதம், சின்ன உருப்படி, மூன்று நாளில் வந்துவிட்டது. கீர்த்தனைதான் இழுக்கிறது, அனுபல்லவியில் நிற்கிறார்கள்.